குந்தி எழும் கலை

மனிதன் நாள்தோறும் செய்யும் செயல்களுள் எவரும் பாராட்டாத செயல் ஒன்றுண்டு. அஃது இருந்த இடத்தை விட்டு எழுந்திருத்தல். குழந்தை முதன்முறையாக எழுந்து நிற்கும்போது வீடே கூடிக் கைதட்டி மகிழ்கின்றது. அதன் பின்னர் அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு அந்தச் செயலை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. எழுவதற்குச் சுவரையோ பிறர் கையையோ தேட வேண்டிய நாள் வரும்போதுதான் அதன் அருமை நினைவுக்கு வருகின்றது. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுவே. இளைஞர் உலகம் அதற்கு ஸ்குவாட் என்று பெயரிட்டு, பார்பெல் என்னும் பாரத்தண்டைத் தோளில் ஏற்றிச் செய்கின்றது. பெயர் புதிது, கருவி புதிது, செயலோ எம் பாட்டன் பூட்டன் காலத்தது.

அருவியாறு கடலோடு கலக்கும் அரிப்புக் கரை தொடங்கி, வில்பத்துக் காட்டின் ஓரத்திலுள்ள மறிச்சுக்கட்டி வரை பரந்து கிடப்பது எமது முசலிப் பிரதேசம். இங்கே வாழ்ந்த முன்னோர் குந்தியிருந்தே பாதி வாழ்க்கையைக் கழித்தனர். மீன் வெட்டுவதும் குந்தியிருந்து, வலை பொத்துவதும் குந்தியிருந்து, அடுப்பு ஊதுவதும் குந்தியிருந்து. உண்ண இருந்தால் பாய், உறங்கினாலும் பாய். தோணியைக் கரைக்குத் தள்ளும்போதும், நெல்மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு எழும்போதும் அவர்களுடைய தொடைகளே தொழில் செய்தன. தேகப்பயிற்சி என்ற சொல்லை அவர்கள் கேட்டிருக்கவும் மாட்டார்கள். ஆயினும் பயிற்சி தவறாமல் நடந்துகொண்டே இருந்தது.

1990ஆம் ஆண்டில் முசலியின் கிராமங்கள் பல மக்களின்றி வெறுமையாயின. 2009ஆம் ஆண்டில் போர் முடிந்த பின்னரே மீள்குடியேற்றம் பரவலாக நடந்தது. திரும்பி வந்தோர் பற்றை வெட்டி, கிணறு துப்புரவாக்கி, வீடு கட்டியெழுப்பிய காலத்தில் அவர்களுக்குக் கைகொடுத்தவை பழைய கால்களே. இன்று வீடுதோறும் பிளாஸ்ரிக் நாற்காலி வந்துவிட்டது. வாசல்தோறும் மோட்டார் சைக்கிள் நிற்கின்றது. அவற்றை நாம் குறைகூறவில்லை. உழைத்தவன் சற்றுச் சாய்ந்து இருக்கட்டும். ஆனால் பள்ளிவாசலில் தொழுவோருக்கும், தேவாலயத்தில் முழந்தாளிடுவோருக்கும் நாற்காலி வேண்டியிருப்பதைக் காணும்போது, நம்மிடமிருந்த செல்வம் ஒன்று ஓசையின்றிக் கரைந்து வருகின்றதோ என்ற கவலை எழுகின்றது.

இந்தக் கவலையோடு நாம் இருந்த நாளில், சிலாவத்துறையிலுள்ள எமது சகோதரியின் வீட்டுக்குச் சென்றிருந்தோம். மருமகன் வீட்டின் பின்புறத்தில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தையே உருவாக்கி வைத்திருந்தான். இரண்டு வர்ணத் தகரங்களில் சீமெந்துக் கலவையை நிரப்பி, நடுவே ஓர் இரும்புக் குழாயைப் பதித்து உறையவிட்டால் பார்பெல் ஆயத்தம். அதனைக் கழுத்தின்மேல் ஏற்றிக்கொண்டு எமக்கு முன்னால் பத்து முறை செய்து காட்டினான். முகம் சிவந்தது; வியர்வை ஆறாகப் பெருகிற்று. ஆனால் நாம் பார்த்தது அவனுடைய முகத்தையன்று. இறங்கும்போது குதிகால்கள் நிலத்தை விட்டுக் கிளம்பின. முழங்கால்கள் ஒன்றையொன்று முத்தமிட உள்ளே சாய்ந்தன. முதுகு வில்லாக வளைந்தது. இறங்கிய ஆழமோ ஒரு சாண்கூட இல்லை.

"எப்படி மாமா?" என்று கேட்டான்.

"பாரம் நன்றாக இருக்கின்றது, தம்பி. இனி அதனை இறக்கி வைத்துவிட்டு, அம்மாவின் தும்புத்தடியை எடுத்து வா."

"தும்புத்தடியா? கூட்டாளிகள் பார்த்தால் சிரிப்பார்கள், மாமா."

"சிரிப்பவர்கள் உன் முழங்காலுக்கு எண்ணெய் வாங்கித் தரப்போவதில்லை. எடுத்து வா."

நாம் இளமையில் கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் ஒரு பயிற்சிக்கூடத்தில் சேர்ந்திருந்தோம். அங்கிருந்த ஆசிரியர் முதல் இரண்டு வாரமும் எம்மை இரும்பைத் தொடவிடவில்லை. வெறுந்தடியோடு குந்தி எழச் செய்து, எமது குதிகாலையும் முழங்காலையும் மாத்திரம் பார்த்துக்கொண்டிருப்பார். அன்று அவரிடம் கற்றதையே மருமகனுக்குச் சொல்லிக் கொடுத்தோம். பயில விரும்பும் மாணவர்களுக்கு உதவுமாதலால் அதனை இங்கே ஒழுங்காக எழுதுகின்றோம்.

முதலாவது, தண்டு இருக்கவேண்டிய இடம். அது கழுத்தெலும்பின்மேல் கிடக்கக்கூடாது. தோள்களைப் பின்னுக்கு இழுத்தால் கழுத்துக்குக் கீழே முதுகின் மேற்புறத்தில் தசை திரண்டு ஒரு மெத்தை போல எழும்; தண்டு அந்த மெத்தையின்மேல் அமரவேண்டும். இரண்டாவது, பாதங்கள். தோளளவு அகலத்தில் வைத்து, விரல்களைச் சிறிது வெளிப்புறம் திருப்பிக்கொள்ளவேண்டும். குதிகால், பெருவிரலின் அடி, சிறுவிரலின் அடி ஆகிய மூன்று இடங்களிலும் பாரம் சமமாக ஊன்றியிருத்தல் நன்று. மூன்றாவது, இறக்கம். இடுப்பும் முழங்காலும் ஒரே நேரத்தில் மடியவேண்டும். தாழ்ந்த பலகையில் அமரப் போகின்றவன் போல இடுப்பு பின்னும் கீழும் செல்ல, முழங்கால்கள் பாதவிரல்கள் காட்டும் திசையிலேயே செல்லவேண்டும். முதுகு முன்னே சாயலாம், வளையலாகாது. சாய்வு வேறு, வளைவு வேறு. தொடையெலும்பு நீண்டவர்கள் சற்று அதிகமாகவே சாய்வர். அது குற்றமன்று, உடலமைப்பு.

நான்காவது, ஆழம். எவ்வளவு இறங்கவேண்டும் என்பதற்கு வலுத்தூக்கல் போட்டிகளில் தெளிவான விதியுண்டு. இடுப்பு மடியும் இடம் முழங்காலின் மேற்பக்கத்தை விடத் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லையேல் அந்த முயற்சி செல்லாது. வீட்டிலே பயில்பவருக்கு நடுவர் இல்லை. ஆதலால் குதிகால் கிளம்பாமலும் முதுகு வளையாமலும் எவ்வளவு இறங்க முடிகின்றதோ, அதுவே அவருக்கு அன்றைய ஆழம். பழகப் பழக அது கூடும். கணுக்கால் இறுகியிருப்போர் குதிகாலின் கீழ் ஒரு மெல்லிய பலகையை வைத்துத் தொடங்கலாம். பளுதூக்கும் வீரர் அணியும் சப்பாத்தின் குதி உயர்ந்திருப்பதும் இதன் பொருட்டே. ஐந்தாவது, ஏற்றம். தரையைப் பாதங்களால் கீழே தள்ளுவதாக எண்ணிக்கொண்டு எழவேண்டும். இடுப்பு முந்தி, தோள் பிந்தினால் பாரம் பெரும்பாலும் கீழ்முதுகின்மேல் விழும். இரண்டும் ஒன்றாகவே எழவேண்டும்.

இவை யாவற்றுக்கும் மேலானது மூச்சு. இதனை விளக்க நாம் தூர தேசம் செல்லவேண்டியதில்லை. எமது கடலே ஆசிரியர். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோர் 30 முதல் 60 அடி ஆழத்துக்கு இறங்கினர். கயிற்றில் கட்டிய பாரக்கல்லில் காலை ஊன்றி, மார்பு நிறைய மூச்சை வாங்கி அடக்கிக்கொண்டு, கல்லோடு அடிக்குச் செல்வர். ஏறத்தாழ ஒரு நிமிடம் சிப்பியை வாரிக் கூடையிலிட்டுக் கயிற்றை அசைத்தால், தோணியில் நிற்பவன் மேலே இழுப்பான். 1906ஆம் ஆண்டில் மறிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பின்போது அரசாங்க உத்தியோகத்தராக நின்ற லெனார்ட் வூல்ப், பிற்காலத்தில் பெயர்பெற்ற எழுத்தாளராகி, அந்தக் காட்சிகளைத் தம் சுயசரிதையிலும் எழுதி வைத்தார். அவர் கண்ட குளியாளர்கள் எவரும் இறங்கும் வழியில் மூச்சைத் தேடவில்லை. இறங்குமுன்பே அதைச் சேமித்துக்கொண்டனர்.

பாரத்தண்டின் கீழும் அதுவே முறை. நின்ற நிலையில் வயிறு நாற்புறமும் விரியுமாறு மூச்சை வாங்கி, வயிற்றுத் தசையை இறுக்கி, அந்த மூச்சைத் தாங்கிக்கொண்டே இறங்கி, எழும்போது கடினமான இடத்தைக் கடந்த பின்னரே வெளியே விடவேண்டும். அடைபட்ட காற்று முள்ளந்தண்டுக்கு உள்ளிருந்து முட்டுக்கொடுக்கின்றது. காற்று நிறைந்த ரயர் வண்டியைத் தாங்குவதும், காற்றுப் போனது நசுங்குவதும் யாவரும் அறிந்தவையே. ஆனால் மூச்சை அடக்கிப் பாரம் தூக்கும்போது இரத்த அழுத்தம் மிகவும் உயரும். எனவே இரத்த அழுத்த நோய், இருதய நோய், குடலிறக்கம் உள்ளோர் வைத்தியரைக் கேளாமல் இதில் இறங்கவேண்டாம். ஆழம் அறியாமல் காலை விடாதே என்ற முதுமொழி கடலுக்கு மட்டும் சொல்லப்பட்டதன்று.

நாம் மருமகனுக்குத் தும்புத்தடியால் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, குசினி வாசலில் நின்ற சகோதரி குறுக்கிட்டாள். "அண்ணா, இப்படி அடிமட்டம் வரை குந்தினால் பிள்ளையின் முழங்கால் தேய்ந்துவிடாதா? முழங்கால் விரலைத் தாண்டக்கூடாது என்று எல்லோரும் சொல்கின்றார்களே" என்றாள்.

அவளுடைய அச்சம் அவளுக்கு மட்டும் உரியதன்று; உலகமே ஒருகாலத்தில் அவ்வாறு அஞ்சியது. 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் கிளைன் என்பவர், ஆழமாகக் குந்துவது முழங்காலின் இணைநார்களைத் தளர்த்துகின்றது என்று எழுதினார். அச்செய்தி பரவிப் பாடசாலைகளிலும் படைகளிலும் அப்பயிற்சி ஐயத்துக்குள்ளாயிற்று. பின்னர் வேறு ஆய்வாளர் அளந்து பார்த்தபோது அவர் கண்ட தளர்ச்சியை அவர்கள் காணவில்லை. 2003ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்விலே, முழங்கால் விரலைத் தாண்டாதவாறு முன்னே ஒரு பலகையை நிறுத்திக் குந்தச் செய்தனர். முழங்காலின் சுமை சிறிது குறைந்தது உண்மையே. ஆனால் உடல் முன்னே சாய, இடுப்பின்மேல் விழுந்த திருகுவிசை பன்மடங்காயிற்று. ஓரிடத்தில் மீதம் பிடித்து மற்றோரிடத்தில் கடன்படுவது போன்றது இது. ஆரோக்கியமான முழங்கால், குதிகால் ஊன்றியிருக்கும் வரையில், விரலைச் சற்றுத் தாண்டிச் செல்வதால் கெட்டுவிடாது. அதனைக் கெடுப்பவை உள்ளே சாயும் முழங்காலும், அடியில் சென்று மோதி எழும் அவசரமும், தகுதிக்கு மிஞ்சிய பாரமுமே.

சகோதரி முழுவதும் சமாதானமடைந்தாள் என்று சொல்லமாட்டோம். "அப்படியென்றால் அந்தச் சீமெந்துத் தகரம் அவன்மேல் விழுந்தால் யார் பொறுப்பு?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டாள். அது நூற்றுக்கு நூறு நியாயமான கேள்வி. முதலாம் உலகப்போருக்குப் பின் 1921இல் அமெரிக்கா சென்ற ஜெர்மானிய வீரர் ஸ்டைன்போர்ன் என்பவர், பாரத்தண்டை ஒருமுனையில் நிறுத்தி, அதன்கீழ் குனிந்து புகுந்து, அதனைத் தன் முதுகில் சாய்த்துக்கொண்டு எழுவாராம். பாரத்தோடு ஆழக் குந்தும் பயிற்சி அமெரிக்காவில் பரவ அவரும் ஒரு காரணர். ஆயினும் அந்த வித்தை அவரோடு இருக்கட்டும். எமக்குத் தாங்குகால் வேண்டும். முத்துக்குளிப்பவனுக்கு மேலே கயிறு பிடிப்பவன் எப்படியோ, மூட்டை சுமப்பவனுக்குத் தூக்கிவிடும் தோழன் எப்படியோ, அப்படியே பாரத்தண்டு ஏந்துபவனுக்கு அந்தத் தாங்குகால்.

அன்று மாலையே மருமகனும் நாமும் சேர்ந்து நான்கு கவர்த்தடிகளை ஆழமாக நட்டோம். உயரமான இரண்டும் அவனுடைய அக்குளுக்குச் சற்றுக் கீழே அமைந்தன. தண்டை எடுப்பதும் வைப்பதும் அங்கே. குட்டையான இரண்டும் அவன் முழுதாகக் குந்தும்போது தண்டு நிற்கும் உயரத்துக்குச் சற்றுக் கீழே அமைந்தன. எழ முடியாது போனால் இன்னும் சற்றுத் தாழ்ந்து, அவற்றின்மேல் பாரத்தை வைத்துவிட்டு வெளியே வரலாம். கவர்த்தடிகள் அசையாதபடி அடியில் கல்லிட்டு இறுக்கினோம். சகோதரி வந்து அவற்றைத் தன் கையால் அசைத்துப் பார்த்துவிட்டே உள்ளே சென்றாள்.

இத்தனை ஒழுங்கும் ஏன் என்று கேட்கும் மாணவர்கள் பெரிய போட்டிகளை நோக்கட்டும். 2000ஆம் ஆண்டில் சிட்னி ஒலிம்பிக்கில் கர்ணம் மல்லேஸ்வரி பளுதூக்கலில் வெண்கலம் வென்று, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணியானார். 2014ஆம் ஆண்டில் கிளாஸ்கோவில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில், வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 77 கிலோகிராம் பிரிவில் தங்கம் வென்றார். 2018இல் அவுஸ்திரேலியாவில் மீண்டும் வென்றார். கிளாஸ்கோவில் அவர் தலைக்கு மேல் உயர்த்திய மிகப்பெரிய பாரம் 179 கிலோகிராம். பார்ப்பவர் கைகளையே பார்க்கின்றனர். ஆனால் அத்தகைய பாரத்தைக் கை மாத்திரம் தூக்குவதில்லை. தண்டு மேலெழும் கணத்தில் வீரர் அதன்கீழ் ஆழக் குந்தி அதனை ஏற்கின்றார். அந்தக் குந்திய நிலையிலிருந்து எழுந்தால் உண்டு பதக்கம், எழாவிடில் இல்லை. தும்புத்தடியோடு மருமகன் கற்றதும் அதே செயலின் முதலெழுத்துத்தான்.

இனி, இளைஞர்க்கு உரியது என்று எண்ணப்படும் இந்தப் பயிற்சியை நாம் குடும்பத்தார் யாவருக்கும் ஏன் சொல்கின்றோம் என்பதைக் கூறவேண்டும். எமது பெரியம்மா எழுபத்து நான்கு வயதினர். ஓரிரவு கட்டிலிலிருந்து சரிந்து நிலத்தில் இருந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, காயமும் இல்லை. ஆனால் எழ முடியவில்லை. பிள்ளைகளை எழுப்ப மனமில்லாமல், விடியும் வரை சுவரில் சாய்ந்தபடி அப்படியே இருந்திருக்கின்றார். காலையில் அதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். கேட்ட எமக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டுப் பிள்ளைகளைப் பெற்று, தண்ணீர்க் குடம் சுமந்து, நாற்று நட்ட கால்கள் அவை.

அவரைப் பரிசோதித்த இயன்மருத்துவர் மருந்து எதுவும் சொல்லவில்லை. கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து, மெதுவாக மீண்டும் அமரும்படி சொன்னார். முப்பது விநாடிக்குள் எத்தனை முறை எழ முடிகின்றது என்று எண்ணிப் பார்ப்பது முதியோரின் கால் வலுவை அளக்க வைத்தியர்கள் கையாளும் முறை. பெரியம்மா முதல் நாள் ஒருமுறைதானும் எழவில்லை. நாற்காலியில் இரண்டு தலையணைகளை அடுக்கி உயர்த்தியபோது எழுந்தார். சில வாரங்களில் ஒரு தலையணையை எடுத்தோம். பின்னர் மற்றதையும் எடுத்தோம். கதிரைக்குப் பதிலாகத் தாழ்ந்த முக்காலி வந்தது. குதிகால் ஊன்றுதல், முழங்கால் விரலின் திசையில் செல்லுதல், இடுப்பும் தோளும் ஒன்றாக எழுதல் ஆகிய மருமகனின் பாடங்களே பெரியம்மாவுக்கும் பாடங்களாயின. மூச்சை மட்டும் அவர் அடக்கவில்லை. எழும்போது மெல்ல விட்டார். நான்காம் மாதத்தில் ஒருநாள் குசினியிலிருந்து தேங்காய் துருவும் ஓசை கேட்டது. எட்டிப் பார்த்தால், பெரியம்மா துருவுபலகையில் அமர்ந்திருந்தார். "யார் இருத்திவிட்டது?" என்று கேட்டோம். "நானே இருந்தேன், ராசா. இனி நானே எழும்புவேன். நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள்" என்றார்.

முப்பது வயதுக்குப் பின் மனிதனின் தசை சிறிது சிறிதாகக் குறையத் தொடங்குகின்றது. அறுபதுக்குப் பின் அத்தேய்வு விரைவாகின்றது. இது நோயன்று, இயற்கை. ஆயினும் பயிற்சி அதன் வேகத்தைக் குறைக்கும். இழந்ததில் ஒரு பகுதியை மீட்டும் தரும். உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலில், வளர்ந்தோர் யாவரும் வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி செய்யவேண்டும் என்று கூறியுள்ளது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று சொல்லிக் கைவிட வேண்டியதில்லை. எழுபத்து நான்கிலும் அது வளைந்ததை நாம் கண்ணாரக் கண்டோம்.

ஆகவே மாணவர்களுக்கு எமது விண்ணப்பம் இது. வாரத்தில் இரண்டு நாள் போதும். ஒவ்வொரு நாளும் எட்டு எட்டாக மூன்று முறை போதும். முதலில் வெறுங்கை, அடுத்துத் தடி, அதன் பின் பாரம். பயிற்சிக்கூடங்களில் உள்ள வெறுந்தண்டே ஆண்களுக்குரியது 20 கிலோகிராமும் பெண்களுக்குரியது 15 கிலோகிராமும் இருக்கும். பலருக்குத் தொடக்கத்தில் அதுவே போதுமானது. கடைசி முறையும் முதன்முறையைப் போல அழகாக அமைந்தால் மட்டும் அடுத்த வாரம் இரண்டரைக் கிலோகிராம் கூட்டுங்கள். அமையாவிட்டால் கூட்டாதீர்கள். தோழன் எவ்வளவு தூக்குகின்றான் என்று எண்ணவேண்டாம். அவன் முதுகு வேறு, உங்கள் முதுகு வேறு.

வீட்டிலுள்ள பெரியோருக்கு எமது விண்ணப்பம் இன்னும் சிறியது. இன்று மாலை தேநீர் அருந்திய பின் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து பாருங்கள். எழ முடிந்தால், அமர்ந்து மறுபடியும் எழுங்கள். முடியாவிட்டால் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு எழுங்கள். பக்கத்தில் ஒரு பேரப்பிள்ளை நிற்கட்டும்.